நூற்று எண்பத்தேழு மில்லிமீட்டர்

மழை சாருக்கு அந்தப் பெயர் விழுந்தது, மழையே பெய்யாத ஒரு வருடத்தில். ஊர்க்கோடியில் இருந்த சின்ன வானிலை நிலையத்தில் அவருக்கு வேலை. தினமும் காலை எட்டரை மணிக்கு வெப்பம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், மழை எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதி, தலைமை அலுவலகத்துக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும். நிலையத்துக்குப் பின்னாலேயே இரண்டு அறை வீடு. அந்த வருடம் ஏழு மாதமாக வானம் வறண்டு கிடந்தது. கடைக்குப் போனாலும் முடிவெட்டப் போனாலும் "மழை எப்ப சார் வரும்?" என்றே கேட்டார்கள். பெய்த மழையை அளப்பதுதான் தன் வேலை, பெய்யப்போகிற மழை தலைமை அலுவலகத்தின் பாடு என்று அவரும் சொல்லிப் பார்த்தார். யார் காதில் வாங்கினார்கள்? மழை சார் ஆகிவிட்டார்.

இப்போது அவருக்கு அறுபத்து மூன்று வயது. ஓய்வுபெற்று ஐந்து வருடம் ஆகிறது. மூன்றாவது மாடியில் ஒரு வீடு, மனைவி, பால்கனியில் நான்கு தொட்டிச் செடி, ஒரு சுவர் நிறையப் புத்தகம். அத்தனையும் உண்மைப் புத்தகங்கள். கடலின் ஆழம், தேனீயின் வாழ்க்கை, பாலம் கட்டுவது எப்படி, நூறு நோய்களும் அவற்றின் அறிகுறிகளும் என்ற வகை. கதைப் புத்தகத்தை அவர் கையால் தொடமாட்டார். "நடக்காததைப் படிச்சு என்ன ஆகப் போகுது?" என்பார். அவர் மனைவி நேர் எதிர். வாடகை நூலகத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு நாவல் எடுத்துவருவார். அதில் யாராவது செத்துப்போனால் அன்று சாம்பாரில் உப்பு இருக்காது.

வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் மழை சார் அலமாரிக்குப் போவார். முட்டையை எத்தனை நிமிடம் வேகவைப்பது என்ற வழக்கு இருபது வருடம் நடந்து, கடைசியில் ஒரு சமையல் விஞ்ஞானப் புத்தகத்தின் எழுபத்து மூன்றாம் பக்கத்தில் தீர்ந்தது. "ஒம்பது நிமிஷம். அச்சுல வந்திருக்கு பார்," என்று பக்கத்தை விரித்துக் காட்டினார். அச்சில் வந்துவிட்டால் அவருக்கு அதற்கு மேல் கோர்ட் கிடையாது. மனைவி பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, தன் இஷ்டம் போல பன்னிரண்டு நிமிடம் வேகவைத்துக்கொண்டிருந்தார்.

இப்படி இருந்தவருக்குப் பிறந்தநாள் பரிசாக, வெளியூரில் இருக்கும் மகள் ஒரு புத்தகம் அனுப்பினாள். அவர்கள் ஊரின் நூறு வருட வானிலை வரலாறு. எழுதியவர் கல்லூரியில் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி. நானூறு பக்கம், கெட்டி அட்டை. பார்சலைப் பிரித்ததும் மழை சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நேராகக் கடைசிப் பக்கத்துச் சொல்லடைவுக்குப் போனார். எதைத் தேடுகிறார் என்று மனைவிக்குத் தெரியும்.

இருந்தது. ஐந்தாம் அத்தியாயம் முழுக்க அதுதான். முப்பத்து நான்கு வருடத்துக்கு முன்பு, ஏழு மாத வறட்சியின் நடுவில், ஒரே இரவில் பெய்த நூற்று எண்பத்தேழு மில்லிமீட்டர் மழை. ஊரின் வரலாற்றிலேயே பெரிய மழை. அதை அளந்தவர் மழை சார்.

அன்று காலை அவர் மழைமானியைத் திறந்தார். உள்ளே இருந்த பாத்திரம் தளும்பிக்கொண்டிருந்தது. அளவுக் குடுவையில் ஒரு தடவைக்குப் பத்து மில்லிமீட்டர்தான் பிடிக்கும். ஊற்றி ஊற்றிப் பதினெட்டுத் தடவை முழுதாக அளந்து, பத்தொன்பதாவது தடவை ஏழில் வந்து நின்றது. தலைமை அலுவலகத்தில் போனை எடுத்தவர், "சரியாப் பாத்தீங்களா?" என்று மூன்று முறை கேட்டார். "கருவி பொய் சொல்லாது சார்," என்றார் இவர். வெளியே தரை நனைந்திருந்தது உண்மை. தெருவில் தண்ணீர் தேங்கவில்லை என்பதும் உண்மை. ஏழு மாதத் தாகத்தில் மண் அத்தனையையும் குடித்துவிட்டது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மறுநாள் செய்தித்தாளில் எண் வந்தது. அதன் பிறகு ஊரில் ஒருவர்கூட, அன்று இரவு நான் தூங்கிவிட்டேன், எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லவில்லை. அத்தனை பெரிய மழையில் தூங்கினவன் என்று பெயர் வாங்க யாருக்கு ஆசை? அடுத்த வாரம் ஜீப்பில் இரண்டு அதிகாரிகள் வந்து மழைமானியைத் தட்டிப் பார்த்து, ஓட்டை உடைசல் இல்லை என்று எழுதிக்கொடுத்துப் போனார்கள். பிறகு ஒரு பாராட்டுக் கடிதமும் வந்தது.

பார்சல் வந்த அன்று மாலை மனைவி மேஜையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்க, மழை சார் எதிரே அமர்ந்து ஐந்தாம் அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்தார். மேகம் திரண்டது, இடி இடித்தது, கூரைகள் அதிர்ந்தன. மனைவி நறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு நேரில் பார்த்தவர்களின் வாக்குமூலம் வந்தது. அதில் முதல் ஆள், கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அவர்களுடைய பழைய சிநேகிதர்.

"'நெஞ்சளவு தண்ணீர். சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கடைத்தெருவை நீந்தாத குறையாகக் கடந்தேன்' என்கிறார் சைக்கிள் கடை உரிமையாளர்," என்று மழை சார் படித்தார்.

மனைவி கத்தியைக் கீழே வைத்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியும் அடங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. படிங்க."

"சொல்லிட்டுச் சிரி."

"தலைக்கு மேலயா தூக்கினாராம்?" மறுபடி ஒரு சுற்று சிரித்து ஓய்ந்தார். "அன்னிக்கு அவ்வளவு மழை பெய்யலைங்க. ராத்திரி கொஞ்ச நேரம் தூறிச்சு. அவ்வளவுதான்."

"நூத்தி எம்பத்தேழு. நானே அளந்தேன்."

"நீங்க அளந்தது சரிதான். ஊத்தினது நான்."

மழை சார் புத்தகத்தை மூடவில்லை. விரலை அந்த வரியிலேயே வைத்திருந்தார்.

"கல்யாணமாகி மூணு மாசம்," என்றார் மனைவி. "தினமும் காலையில போய் அந்த டப்பாவைத் திறந்து பாப்பீங்க. மூஞ்சி தொங்கிப் போயிடும். 'இன்னைக்கும் சைபர்'னு சொல்லிக்கிட்டே சாப்பிட உக்காருவீங்க. எனக்கு என்ன தெரியும்? மழை இல்லாத ஊருக்கு எதுக்கு மழை அளக்கிற ஆளுன்னு வேலையை விட்டு எடுத்துடுவாங்களோன்னு பயம். அன்னிக்கு விடியக்காலம் எந்திரிச்சுப் பாத்தா தரை நனைஞ்சிருந்தது. சரி, நல்ல நேரம், யாருக்கும் சந்தேகம் வராதுன்னு தூக்குவாளி நிறைய தண்ணி கொண்டுபோய் ஊத்திட்டேன்."

"மழைமானிக்குப் பூட்டு இருந்ததே."

"பூட்டு பக்கவாட்டுல இருந்தது. மேல வாய் திறந்துதானே இருந்தது, புனல் மாதிரி?"

அது உண்மைதான். மழை உள்ளே போக வேண்டிய வாயைப் பூட்ட முடியாது.

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லலாம்னுதான் இருந்தேன். குளிச்சிட்டு வர்றதுக்குள்ள நீங்க போன் பண்ணிட்டீங்க. மறுநாள் பேப்பர்ல வந்துடுச்சு. அப்புறம் ஜீப் வந்தது. அப்புறம் கடிதம் வந்தது. நீங்களே சொல்லுங்க, இதுல எந்த இடத்துல நான் நடுவுல நுழையறது?"

மழை சாருக்குக் கோபம் வர வேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, விடியாத வேளையில், தன் புருஷனின் வேலை நிலைக்க வேண்டும் என்று தூக்குவாளியைச் சுமந்துகொண்டு செடிகளுக்கு நடுவில் பதுங்கிப் பதுங்கிப் போவதை நினைத்துப் பார்த்தார். அவருக்கே உதட்டோரம் இழுத்தது. ஆனால் பீன்ஸ் பொரியல் ஆகிச் சாப்பிட்டு முடிக்கும்போது வேறொரு கவலை வந்து உட்கார்ந்துகொண்டது. எழுந்து புத்தக அலமாரி முன்னால் போய் நின்றார். கடலின் ஆழத்தை அளந்தவர் யார்? அவருக்கும் ஒரு மனைவி இருந்திருப்பாளே. தேனீ ஒரு நாளில் இத்தனை பூவுக்குப் போகும் என்று எண்ணியவர், நடுவில் ஒரு கண் அசந்திருந்தால்? எந்தப் புத்தகத்துக்குள் எந்தத் தூக்குவாளி இருக்கிறதோ, யார் கண்டது?

இரண்டு நாள் அவர் எதையும் படிக்கவில்லை. முட்டையை எவ்வளவு நேரம் வேகவைக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மனைவிதான் பொறுக்க முடியாமல், "இப்படி உம்முன்னு உக்காந்திருந்தா அந்த மழை நின்னுடுமா? எழுதினவங்களுக்குப் போன் பண்ணுங்க," என்றார். மழை சார் பதிப்பகத்திடம் எண் வாங்கி, எழுத்தாளரிடம் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் காகிதங்கள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "நாளைக்கு வர்றேன், வீட்டுல இருப்பீங்களா?" என்ற குரல் வந்தது.

எழுத்தாளர் எழுபது வயதுக்காரர். மூன்று மாடி ஏறிவந்தும் மூச்சு வாங்கவில்லை. தோளில் துணிப்பை, பை நிறையக் கோப்புகள். உட்கார்ந்ததும் ஒரு கோப்பைப் பிரித்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஆறு வருஷம் உழைச்சு எழுதின புத்தகம். இந்த மழைக்கு எங்கிட்ட மூணு ஆதாரம் இருக்கு. உங்க நிலையத்துப் பதிவேடு. மறுநாள் செய்தித்தாள். நேர்ல பாத்த நாலு பேர்."

"பதிவேட்டுல எழுதினது நான். பேப்பர்காரங்களுக்குச் சொன்னதும் நான்தான் மேடம். அப்ப மூணு ஆதாரம்னு சொல்ல முடியாதே, ரெண்டும் ஒண்ணுதானே?"

எழுத்தாளர் பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டார். "சுத்தியிருக்கிற மூணு நிலையத்துலயும் அன்னிக்கு எட்டு, பதினொண்ணு, ஒம்பதுதான் மழை. எனக்கும் இடிச்சது. ஒரே ஒரு மேகம் இந்த ஊர் மேல மட்டும் நின்னு கொட்டியிருக்கணும்னு முடிவு பண்ணினேன். அந்த மேகத்தைப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருக்கேன்."

"படிச்சேன். நல்லா இருந்தது," என்றார் மழை சாரின் மனைவி ஆறுதலாக.

எழுத்தாளர் அவரைப் பார்த்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "அந்தத் தூக்குவாளி இன்னும் இருக்கா?" என்றார்.

இருந்தது. பால்கனியில், துணி மாட்டும் கிளிப்புகள் போட்டுவைக்கும் வாளியாக. கிளிப்புகளைக் கொட்டி, வாளியைக் கழுவிக்கொண்டு வந்தார்கள். மழை சார் ஓய்வுபெற்ற அன்று சக ஊழியர்கள் பரிசாகக் கொடுத்த பழைய அளவுக் குடுவை கண்ணாடி அலமாரியில் இருந்தது. அதையும் எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார்கள். மனைவி வாளியை வாய் வரை நிரப்பினார். மழை சார் குனிந்து, கண்ணைக் குடுவையின் கோட்டுக்கு நேராக வைத்து, முப்பது வருடப் பழக்கத்தோடு அளந்தார். அளந்த தண்ணீர் ஒரு பக்கெட்டுக்குப் போனது. எழுத்தாளர் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போட்டார். பதினேழு கோடு முடிந்து கடைசித் தண்ணீர் இரண்டில் நின்றது.

"நூத்தி எழுபத்திரண்டு," என்றார் மழை சார். "அன்னிக்கு நிஜமாப் பெஞ்சது ஒம்பதுன்னு வெச்சுக்குவோம். நூத்தி எம்பத்தொண்ணு."

"ஆறு குறையுது," என்றார் எழுத்தாளர்.

மனைவி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வாளியை ஊத்தி முடிச்சதும், இன்னும் கொஞ்சம் இருந்தா நல்லாருக்கும்னு குடிக்கிற டம்ளர்ல ஒரு டம்ளர் ஊத்தின ஞாபகம்."

எழுத்தாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அம்மா, கணக்கு குறைஞ்சதும் வர்ற டம்ளரை நான் எப்படி அச்சுல போடறது? முப்பத்திநாலு வருஷமா வராத டம்ளர் இப்ப மட்டும் ஏன் வந்தது?"

"நெஜமாவே ஊத்தினேங்க."

"இருக்கலாம். ஆனா நான் கேட்டதுனால உங்க மனசு கொண்டுவந்து வெச்ச டம்ளராவும் இருக்கலாம். 'ஏறத்தாழ'ன்னு எழுதிக்கறேன்."

மழை சாருக்கு அந்த நிமிடத்தில் எழுத்தாளர்மேல் ஒரு மதிப்பு வந்தது. தன் மனைவி அவ்வளவு சொல்லியும் டம்ளரை நம்பாத ஆள், நம்பத் தகுந்த ஆள் என்று தோன்றியது.

பாக்கி இருந்தது நேரில் பார்த்த நான்கு பேர். அதில் மூன்று பேர், விசாரித்தால், அடுத்தவர் சொல்லக் கேட்டதைத்தான் சொல்லியிருந்தார்கள். நெஞ்சளவுத் தண்ணீர் ஒருவருடையதுதான். மறுநாள் காலை மழை சாரும் மனைவியும் எழுத்தாளரும் சைக்கிள் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கி எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது, உரத்த குரல். விஷயத்தைக் கேட்டதும் டியூபை அப்படியே விட்டுவிட்டார்.

"அப்ப நான் பொய்யன்னு சொல்றீங்களா அண்ணே?"

"யாரு சொன்னா?"

"மழையே பெய்யலைன்னா நான் எதுல நீந்தினேன்? என் தலை மேல சைக்கிள் இருந்தது. அந்தக் கனம் இப்பவும் கழுத்துல இருக்கு. அண்ணி, நீங்க சொல்லுங்க, நான் என்னிக்காவது பொய் சொல்லியிருக்கேனா?"

"போன வாரம் பிரேக் சரியாயிடுச்சுன்னு சொன்னீங்க," என்றார் மழை சாரின் மனைவி.

"அது வேற."

எழுத்தாளர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். "நான் உங்களைப் பாக்க வந்தப்ப என்ன கேட்டேன்னு ஞாபகம் இருக்கா?"

"நல்லா ஞாபகம் இருக்கு. 'முப்பது சொச்சம் வருஷத்துக்கு முன்னாடி இங்க ஒரு பெருமழை வந்ததே, அப்ப நீங்க எங்க இருந்தீங்க'ன்னு கேட்டீங்க. வருஷம், மாசம், தேதி எல்லாம் சொன்னீங்க. தேதியோட கேக்கிறவங்க சரியாத்தான் கேப்பாங்கன்னு நானும் சொன்னேன்."

எழுத்தாளரின் முகம் மாறியது. பேனாவை மூடிவைத்தார். "தேதியை நான்தான் கொடுத்தேன்," என்றார் மெதுவாக. "நீங்க மழையை மட்டும்தான் கொடுத்தீங்க."

மழை சார் அதுவரை கடையில் தொங்கிய சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, நீ தூக்கிட்டு வந்தது எந்த சைக்கிள்?"

"அரை சைக்கிள் அண்ணே. வாடகைக்கு விடுவோமே, சின்னப் பசங்க ஓட்டறது. சிவப்பு."

"முப்பத்திநாலு வருஷத்துக்கு முன்னாடின்னா உனக்கு இருபத்திநாலு வயசு. மீசை வெச்ச ஆள் எதுக்கு அரை சைக்கிள்ல போனே?"

கடைக்காரர் தெருவைப் பார்த்தார். கைத்துணியை எடுத்து, ஏற்கெனவே காய்ந்திருந்த கையைத் துடைத்தார்.

"எங்கப்பா கடை வாசல்ல நின்னு கத்தினாரு," என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "'சைக்கிளை விட்டுட்டு ஓடிவாடா'ன்னாரு. நான் விடமாட்டேன்னு தூக்கிட்டு வந்தேன். அப்பா போனப்ப எனக்குப் பத்தொம்பது. அப்படின்னா இது அதுக்கும் முன்னாடி. ஆறாங்கிளாஸ் படிச்சேனா? ஆமா. ஆறாங்கிளாஸ். புதுப் பள்ளிக்கூடம், அந்த வருஷம்தான்." தன் நெஞ்சுக்கு நேராகக் கையை வைத்துப் பார்த்தார். பிறகு கையை இடுப்புக்குக் கீழே இறக்கி, அந்த வயதில் தன் நெஞ்சு இருந்த இடத்தில் நிறுத்தினார். "நெஞ்சளவுதான் அண்ணே. பொய் இல்ல. நான்தான் குட்டையா இருந்தேன்."

அவர் ஆறாம் வகுப்புப் படித்தது நாற்பத்தாறு வருடத்துக்கு முன்பு. எழுத்தாளரின் புத்தகத்தில் அந்த வருடம் பெரிய மழை எதுவும் இல்லை. தலைமை அலுவலகம் அச்சிட்ட பட்டியலில் அந்த வருடத்து மழைக்காலத்தில் நான்கு நாட்களுக்கு எதிரே வெறும் கோடுதான் இருந்தது. "தகவல் வரலைன்னு அர்த்தம்," என்றார் மழை சார். "தகவல் வரலைன்னா மழை வரலைன்னு அர்த்தம் இல்லையே." அவருக்கு இப்போது உட்கார இருப்புக் கொள்ளவில்லை.

பழைய வானிலை நிலையத்தில் இப்போது ஆள் கிடையாது. ஒரு கம்பத்தில் பொருத்திய கருவி தானே அளந்து தானே அனுப்பிவிடுகிறது. பதிவேடுகள் மட்டும் மூட்டை கட்டிப் பின்னறையில் கிடந்தன. அனுமதி வாங்கப் பதினைந்து நாள் ஆனது. பிறகு மழை சாரும் எழுத்தாளரும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, ஒரு நாள் முழுக்கத் தூசியில் உட்கார்ந்தார்கள். மாலை நாலு மணிக்கு மழை சார் கூப்பிட்டார். தண்ணீர் பட்டு அலை அலையாக வளைந்த ஒரு பதிவேடு. அவர் பார்த்தே இராத, அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த யாரோ ஒருவரின் குண்டு குண்டான கையெழுத்து. நூற்று நாற்பத்து மூன்று மில்லிமீட்டர். பக்கத்தில் குறிப்பு: "டெலிபோன் கம்பி அறுந்துவிட்டது. நிலையத்துக்குள் தண்ணீர். மேஜை மேல் உட்கார்ந்து எழுதுகிறேன்."

மழை சார் அதை இரண்டு தடவை வாசித்தார். மேஜை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கீழே ஒரு பெஞ்சு மிதந்து போவதைப் பார்த்தபடி, யாருக்கும் போய்ச் சேராத எண்ணைத் துல்லியமாக எழுதிக்கொண்டிருந்த அந்த மனிதரை அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. பதிவேட்டை எழுத்தாளரிடம் நீட்டி, "இதை நம்பலாமா மேடம்?" என்று கேட்டார்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"அக்கம்பக்கத்து நிலையத்துல எவ்வளவுன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

பார்த்தார்கள். நூற்று இருபது, நூற்று முப்பத்தெட்டு, நூற்று ஐம்பத்தொன்று. எழுத்தாளர் துணியை முகத்திலிருந்து இறக்கினார். மூக்குக்குக் கீழே சுத்தமாகவும் மேலே சாம்பல் பூசினது போலவும் இருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

இரண்டாம் பதிப்புக்கு எழுத்தாளர் ஐந்தாம் அத்தியாயத்தை முழுக்கப் புதிதாக எழுதினார். மேகத்தைப் பற்றிய பக்கத்தை அவரே கிழித்தாராம், கொஞ்சம் வருத்தத்தோடு. அச்சுக்குப் போகும் முன்பு, சம்பந்தப்பட்டவர்கள் எல்லாருக்கும் தட்டச்சுப் பக்கங்களை அனுப்பினார். மழை சார் எண்களைச் சரிபார்த்தார். சைக்கிள் கடைக்காரர் 'குட்டையான சிறுவன்' என்பதில் 'குட்டையான' என்ற சொல்லை அடித்துவிட்டு 'சின்ன' என்று எழுதினார். மழை சாரின் மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்து, ஓர் இடத்தில் நின்றார். "'கண்ணீர் மல்க உண்மையை ஒப்புக்கொண்டார்.' இது யாரு சொன்னது?"

"நான்தான்," என்றார் மழை சார். "கண்ணுல தண்ணி வந்துச்சுன்னு சொன்னேன். வந்துச்சே."

"எதுக்கு வந்துச்சுன்னு சொன்னீங்களா?"

சொல்லவில்லை. அவர் மனைவி பேனாவை எடுத்து அந்த வரியை அடித்து, 'சிரித்துச் சிரித்துச் சொன்னார்' என்று பெரிதாக எழுதினார். அடியில் கையெழுத்தும் போட்டு அனுப்பினார்.

தலைமை அலுவலகத்துக்கும் மழை சார் எழுதினார். தூக்குவாளி, அளவுக் குடுவை, மூன்று நிலையங்கள் என எல்லாவற்றையும் வரிசைப்படி விளக்கி நாலு பக்கம். பதினொரு மாதம் கழித்துப் பதில் வந்தது. பதிவான அளவை நீக்க விதியில் இடமில்லை, ஆனால் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுச் 'சந்தேகத்துக்குரியது' என்று அடிக்குறிப்பு சேர்த்திருக்கிறோம் என்றார்கள். முன்பு கொடுத்த பாராட்டைத் திரும்பப் பெறுவதற்கும் விதி இல்லையாம். மழை சார் அந்தப் பதிலைப் படித்துவிட்டு மனைவியிடம் நீட்டினார். "உனக்கு ஒரு நட்சத்திரம் கெடச்சிருக்கு," என்றார்.

அவர் புத்தகம் வாங்குவதை நிறுத்தவில்லை. இன்னும் அதிகமாகத்தான் வாங்குகிறார். ஆனால் இப்போது பென்சில் வைத்துக்கொண்டு படிக்கிறார். 'சொல்லப்படுகிறது' என்று எங்கே வந்தாலும் ஓரத்தில் 'யாரால்?' என்று எழுதுகிறார். ஒரு வாசகம் மனதுக்கு மிகவும் பிடித்துவிட்டால் உடனே எழுந்து இன்னொரு புத்தகத்தில் அதைத் தேடுகிறார். தேனீ விஷயமாக மூன்று புத்தகங்களில் மூன்று எண் கிடைத்ததில் இருந்து அவருக்கு ஒரே உற்சாகம். எழுத்தாளர் இப்போது ஊரின் பழைய அலுவலகக் கட்டடங்களைப் பற்றி எழுதுகிறார். வாரத்துக்கு இரண்டு தடவையாவது போன் வருகிறது.

போன சனிக்கிழமை காலையும் வந்தது. வானிலை நிலையத்தைச் சுற்றி முள்கம்பி வேலி எந்த வருடம் போட்டார்கள் என்று கேட்டார். மழை சார் விட்டத்தைப் பார்த்து யோசித்தார்.

"மகள் பொறந்த வருஷம்னு நெனைக்கிறேன் மேடம். நிச்சயமாத் தெரியல."

"அதுக்கு முந்தின வருஷம்," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வயித்துல புள்ளையோட அதுலதானே துணி காயப்போட்டேன். கொடி கட்ட எக்க முடியல, வேலி வசதியா இருந்தது."

மழை சார் போனில் அதைச் சொல்லப்போனார். அதற்குள் மனைவி கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். "இருங்க, நான் சொன்னேன்னு அப்படியே எழுதிடப் போறாங்க. உங்க தங்கச்சி வந்தப்ப அங்க நின்னு ஒரு போட்டோ எடுத்தோமே, அது எங்க?"

எழுத்தாளரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு இருவரும் பரணிலிருந்து பெட்டியை இறக்கினார்கள். முதல் ஆல்பத்தில் இல்லை. இரண்டாவதில் மகளின் பள்ளிக்கூடப் படங்கள். ஒவ்வொன்றிலும் நின்று பேசி, மூன்றாவது ஆல்பத்துக்கு வந்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்திருந்தது. படம் கிடைத்தது. முள்கம்பி வேலி, அதில் வரிசையாகக் காயும் துணிகள், வேலிக்கு முன்னால் மேடான வயிற்றோடு அவர் மனைவி. பின்பக்கத்தில் மழை சாரின் தங்கை தன் கையெழுத்தில் தேதி போட்டிருந்தாள்.

மழை சார் போனை எடுத்து, "மேடம், இருக்கீங்களா?" என்றார். எழுத்தாளர் இருந்தார். மழை சார் தேதியைச் சொன்னார். அவர் மனைவி பக்கத்திலிருந்து, "நாத்தனார் தேதி போட்டது அன்னிக்கா, ஊருக்குப் போய்ப் பிரிண்ட் வந்தப்புறமான்னு அவகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க," என்றார். அன்று அவர்கள் காலைச் சாப்பாடு சாப்பிடும்போது மணி பதினொன்று.